ஆறாவது பீரியட்

பொதட்டூர்பேட்டையில்
விசைத்தறிச் சந்து முடியும் இடத்தில் எங்கள் பள்ளி.
எட்டாம் வகுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆறு தறிகள்.
"ஒளிச்சேர்க்கை" என்று மல்லேஸ்வரி சொல்லி முடிப்பதற்குள்
நாடா நாலு முறை போய்வந்துவிடும்.

இருபத்திரண்டு வருடம் தறிக்கு மேலே கத்தினாள்.
முதலில் தமிழில்.
பிறகு நகரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக,
இலை என்றால் ஆகு, மூச்சு என்றால் ஊபிரி என்று
இன்னொரு முறை.

திருத்தணி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
"பதினைந்து நாள் பேசக்கூடாது."
திரும்பும் பஸ்ஸில் சிரித்தாள்,
சத்தமே இல்லாமல்.

அவள் பாடக்குறிப்பு நோட்டில் மூன்றாக மடித்த தாள்.
விருப்ப ஓய்வு.
தேதி மட்டும் போடவில்லை.
பார்த்தவள் நான். பார்க்காத மாதிரி மடித்து வைத்தேன்.
பிறகு பொறுக்காமல்
ஏகாம்பரம் சாரிடம் போய்ச் சொன்னேன்.

போன வருடம் எங்களுக்கு மன அழுத்தப் பயிற்சி நடந்தது.
மூச்சை இழுங்கள் என்றார் வந்தவர்.
இழுத்தோம்.
இழுத்ததற்கும் ஆப்பில் வருகை போடவேண்டியிருந்தது,
சிக்னல் கிடைக்காமல் மாடிக்கு ஏறினோம்.

ஏகாம்பரம் சார் அப்படி எதுவும் பேசவில்லை.
டைம்டேபிளை ஆணியோடு பிடுங்கி வந்து
மேஜையில் போட்டார்.
"யாருக்கு எது முடியும்?"

ஆறாவது பீரியடை நான் எடுத்துக்கொண்டேன்.
ஆதார், ரத்த வகை, செருப்பு அளவு பதிகிற வேலையை
பி.டி. மாஸ்டர் தயாநிதி, திட்டிக்கொண்டே.
ஏழாம் வகுப்பில் ஒல்லிக்குச்சி புஜ்ஜிக்கு
பதினொன்றாம் நம்பர் செருப்பு வந்தது,
இன்னும் சிரிக்கிறோம்.
சனிக்கிழமை பெஞ்சுகளைத் தூக்கி
வகுப்பை ஆய்வகத்துக்கு மாற்றினோம்.
தறிகளுக்குப் பாடம் கேட்க
இப்போது உடைந்த நாற்காலிகள் மட்டும்.

நான் கணக்கு டீச்சர்.
இலைத்துளையை வட்டமாகப் போட்டு
நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.
கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருந்தவள்
சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்:
"காப்பு செல்களை விட்டுட்ட.
இரண்டு பக்கமும் போடு."
பிள்ளைகள் கைதட்டினார்கள், அவளுக்கு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
சமூக அறிவியல் இடம் மூன்றாவது வருடமாகக் காலி.
ஏகாம்பரம் சாருக்கு சர்க்கரை ஏறியிருக்கிறது.
அந்தத் தாள் நோட்டிலேயே இருக்கிறதா என்று
நான் திறந்து பார்க்கவில்லை.

பதினாறாம் நாள்
கரகரத்த, பாதிக் குரலோடு வந்தாள்.
என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"உன் கைப்பையில இருக்கிற தாள்ல
தேதி போட்டுட்டியா?"

நான் பேசவில்லை.

"அடுத்த வாரம் உன் மூணாவது பீரியட் எனக்கு.
பின்னம் நடத்துவேன்.
தப்பா நடத்துவேன்.
நீ கடைசி பெஞ்சுக்குப் போ."