பொருள், காலம், குறை

கல் சிலைக் கூடத்துக்கு அடுத்த அறையில்
பிள்ளைகள் செய்ததை வைக்கச் சொன்னார்கள்.
நாற்பத்தொரு உருப்படி.
ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதுவது என் வேலை:
பொருள், காலம், கிடைத்த இடம், குறை.

செருப்பு வாரில் ஒரு முதலை.
ஜிகர்தண்டாக் கரண்டிகள் செருகிய மயில்,
அதை முதல் நாளே எறும்பு கண்டுபிடித்துவிட்டது.
உப்புத்தாளை நீளமாக வெட்டி ஒருத்தி
வைகை என்று வைத்திருந்தாள்.
தண்ணி எங்கம்மா என்றதற்கு
சீட்டுல எழுதிக்கோங்க என்றாள்.

பதினேழாவது, நடத்துநர்.
செய்தது ஒச்சுராஜா, ஆறாம் வகுப்பு, விளாங்குடி.
உடம்பு தண்ணீர் பாட்டில். கை கட்டுக்கம்பி.
கக்கத்தில் தீப்பெட்டிப் பை,
அதற்குள் பெரியார் நிலையம் போய்வந்த நிஜ டிக்கெட்.
தலை மட்டும் குள்ளமாய், கனமாய், பளபளவென்று.
"கண்டக்டருக்குத் தலையே விசில்தான சார்."
காலம்? என்றேன்.
"காலாண்டு லீவு."
அப்படியே போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம்
அப்பளக் கம்பெனி மாவு முழங்கையில் காயாமல்
ஒரு பெண் ஓடி வந்தாள்.
மகன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
சிரித்தாள். இன்னும் குனிந்தாள்.
சிரிப்பு நின்றது.
"அடப்பாவி, என் குக்கர் விசிலு!
பத்து நாளாத் தேடுறேன்.
மாடி வீட்டுக்காரியக் கேட்டுச் சண்டையாகி
இப்பப் பேச்சுவார்த்தை இல்ல."

தொடாதீர்கள் பலகை
அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்றது.
பதிவேட்டில் ஏறிய பொருளை எடுக்க
மூன்று கையெழுத்து வேண்டும்,
சென்னைக்கு எழுத வேண்டும்,
பதில் வர வேண்டும்.
பருப்பு இன்று ராத்திரி வேக வேண்டும்.

சாவி என்னிடம்தான் இருந்தது.

அவள் வெடுக்கென்று பிடுங்கவில்லை.
பேன் பார்க்கிற பதத்தில் தலையைச் சாய்த்துக் கழற்றி
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
போகிறபோது, தொங்கிப்போயிருந்த கம்பிக் கையை
கொஞ்சம் நிமிர்த்திவிட்டுப் போனாள்.

குறை: தலை.
சீட்டில் சேர்த்தேன்.
பக்கத்துக் கூடத்தில் பதினோரு பேர் இப்படித்தான்,
கழுத்துக்கு மேல் வெறும் காற்றாக.
அவர்கள் முன்னால்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

ஞாயிறன்று கேமராக்காரர் ஒருவர்
அங்கிருந்து தாழ்த்திய குரலோடு இங்கே வந்து
நடத்துநர் முன்னால் வெகுநேரம் நின்றார்.
"இவர் தலை எந்தப் படையெடுப்புல போச்சு?"
வேடிக்கையாகத்தான் கேட்டார்.
வியாழக்கிழமை, என்றேன்.
துவரம்பருப்பு.
மூணு விசில்.