பீச்சாங்கைக் கல்

ஷெப்ஷெட் மைதானம், ஞாயிறு காலை ஏழு மணி.
உடைந்த பொம்மைகளுக்கும் சைக்கிள் டயருக்கும் நடுவே
கரிப்பிடித்த செங்கல் மாதிரிக் கிடந்தது.
"கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், மூன்று பவுண்டு" என்றான் விற்றவன்.
பிறகு, "வீட்டுக்காரருக்கா?"

மோந்து பார்த்தேன்.
தார் இல்லை. பழைய எண்ணெய்.
பேரம் பேசவில்லை; பேசினால் தெரிந்துவிடும்.

வாஷிங் சோடாவில் மூன்று இரவு.
முதல் நாள் தண்ணீர் காப்பி டிகாஷன்,
மறுநாள் ரசத்தெளிவு,
அப்புறம்தான் அந்தப் பாசிப்பச்சை,
அதன்மேல் யாரோ வெற்றிலை துப்பியதுபோல் செம்மேகம்.
சார்ன்வுட் காட்டுக் கல்!

இதற்காக விட்டில் ஹில்லைச் சுற்றி வந்திருக்கிறேன்.
முள்வேலி, மாடு, மழை.
ஓடையில் பொறுக்கிய பதினொரு சில்லில்
பத்து கத்தியைக் கீறின,
ஒன்று வாயே திறக்கவில்லை.
எல்லாம் வெந்நீர் டாங்க் அலமாரியில்.
"துவட்டத் துண்டு எடுத்தால் மலை விழுகிறது" என்கிறார்
அருமைநாயகம், காலைத் தூக்கிக்கொண்டு.

நல்ல கல்லுக்குச் சத்தம் கம்மி.
தூக்கத்தில் ஒருவர் போர்வையை இழுத்துக்கொள்வதுபோல் இருக்கும்.

சவரக்கத்திக்கு என்றால் கல் மட்டமாக வேண்டும்.
இதன் முகத்தில் பள்ளம்.
கண்ணாடித் தகட்டில் உப்புத்தாள் விரித்து, தண்ணீர் தெளித்து,
கல்லில் பென்சிலால் கட்டம் போட்டேன்.
மேட்டில் கோடு அழியும், பள்ளத்தில் நிற்கும்.
இருபது இழுப்பு.
ஓரம் வெளுத்தது.
இன்னும் இருபது.

நின்ற கோடுகள் நடுவில் நிற்கவில்லை.
மூலைக்கு மூலை சரிந்து கிடந்தன,
இதுவரை நான் வாங்கிய எல்லாக் கல்லுக்கும்
எதிர்ப்பக்கமாக.

கை நின்றது.
எந்தக் கை என்று சொல்ல வேண்டும்.
ஆனா எழுதியதற்கு ஸ்கேலடி வாங்கியது.
நற்கருணைக்கு நீண்டபோது
பாதிரியார் கண்ணாலேயே திருப்பி அனுப்பியது.
மாதத்தில் மூன்று நாள் ஊறுகாய் ஜாடிப் பக்கம்
இரண்டு கையுமே போகக் கூடாது; தீட்டு.
கத்திக்கும் அதே சொல்தான், கண் மைக்கும், அரிசிக்கும்.
தமிழை என்ன சொல்ல.

எண்ணெய்க்கு அடியில் இத்தனை நாள்
ஓர் இடதுகைக்காரர் இருந்திருக்கிறார்.
நாவிதரோ தச்சரோ, பெயர் பொறிக்கவில்லை.
அவருக்கும் ஸ்கேலடி விழுந்திருக்கும்.
விழாமலும் இருக்கலாம்,
எனக்கு அப்படி நினைப்பது வசதி.

உப்புத்தாளைச் சுருட்டிவிட்டேன்.
சவரக்கத்தி இதில் ஏறாது, அதற்கு வேறு கல் உண்டு.
மீன்கத்தியைப் பீச்சாங்கையில் எடுத்துச் சாய்த்தேன்.
எங்கே அழுத்த வேண்டும் என்று
கல்லே காட்டியது.

சனிக்கிழமை, பெல்கிரேவ் ரோட்டுக் கடை.
சீலாவின் நடுமுள் வெட்டுப்பட்டதே தெரியவில்லை.
"லெஃப்ட் ஹேண்டா நீங்க?" என்றார் வரிசையில் முதலாய் நின்ற அம்மா.
"ஆமா" என்று
பொட்டலத்தையும் அதிலேயே நீட்டினேன்.
ஒரு நொடி பார்த்தார்.
வாங்கிக்கொண்டு,
தலையைக் குழம்புக்குத் தனியாகக் கட்டச் சொன்னார்.