இருப்பதாகக் கொள்க

நாய்க்குக் கடவுச்சீட்டு உண்டு.
நீல அட்டை, வட்டமாய்ப் பன்னிரண்டு விண்மீன்,
உள்ளே வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஒரு முத்திரை,
நிறம் என்ற இடத்தில்
‘கருப்பு, மார்பில் கொஞ்சம் பழுப்பு.’
லமாராவிடம் இருப்பது
மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கிய
ஒரு தாள்.

சட்டம் அதற்கு வைத்த பெயர்
கற்பனைச் சான்று.
பொய் என்று பொருளில்லை,
என்றாள் அலுவலகத்துப் பெண்
(கோகிச்சைஷ்... என்று
குடும்பப்பெயரைப் பாதியில் கைவிட்டவள்).
அட்டை வந்து சேரும்வரை
நீங்கள் இங்கே முறைப்படி இருப்பதாகக் கொள்கிறோம்.
கணக்கு வாத்தியார்
எக்ஸைக் கொண்டதுபோல.

தாளில் மூன்று கட்டங்கள்.
பேனாக்குறி முதலாவதில்.
முதலாவது என்றால், இருக்கலாம்.
போகலாமா?
தாராளமாக. யார் தடுப்பது?
போனால்தான் வர முடியாது.

கோர்லிட்ஸில் எல்லை என்பது ஓர் ஆறு.
கைவீச்சு உள்ளவன் கல்லெறிந்தால் போலந்தில் விழும்.
சிகரெட்டுக்கு, முடிவெட்டுக்கு, பல்லுக்கு
நடைபாலத்தில் ஊரே போய்வருகிறது.
அக்கரை பச்சை என்று
அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
சமையலறை ஜன்னலில் தெரிகிறது:
மருந்துக்கடையின் சிலுவை விளக்கு,
இரவெல்லாம் பச்சை.
நவம்பரிலிருந்து கடைவாய்ப் பல் வலி.
இக்கரையில் ஒரு பல்லுக்குக் கேட்கும் காசுக்கு
அக்கரையில் பல் வரிசையையே பார்த்துவிடலாமாம்.

மேல்மாடித் திருமதி ட்ராப்பின்
இடுப்பெலும்பு கூடும்வரை
காலையும் மாலையும் ஃபிட்ஸை நடத்திப் போகிறாள்.
வேலை செய்ய வேறொரு குறிப்பு வேண்டும்,
அது இல்லை, அதனால்
கூலி ஆப்பிள் கேக்.

வியாழக்கிழமை. மழை விட்ட கையோடு
பாலத்தடியில் ஒரு வாத்து எழும்பியது.
வார் கையைவிட்டுப் போனது.
ஃபிட்ஸ்! என்றாள் ஜெர்மனில்.
சட்டை செய்யவில்லை.
ஜார்ஜிய மொழியில் திட்டினாள்.
நின்றது.
போலந்திலிருந்து திரும்பிப் பார்த்து
வாலை ஆட்டியது.

பாலத்தின் நடுவே கோடு ஏதும் கிடையாது.
இருந்தால் தாண்டாமல் நிற்பது சுலபம்.
எந்த இடத்தில் கற்பனை தீர்கிறது?
குனிந்து பார்த்தாள்.
யாரோ துப்பிய சூயிங்கம்.
அப்புறம் ஓடினாள்.

அக்கரையிலும் தரை ஈரமாகவே இருந்தது.
சிகரெட் கடை வாசலில் ஒருவன்
சாசேஜ் தோலை உரித்து உரித்துப் போட,
ஃபிட்ஸ் அவன் பூட்ஸின் மேலேயே உட்கார்ந்திருந்தது.
போலிஷில் அவளுக்கு ஒரு சொல் தெரியும், நன்றி.
அதைச் சொன்னாள். இரண்டு தடவை.
பத்தடியில் மருந்துக்கடை.
வலிக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம்.
பாதிப் பாலம் திரும்பி வந்தபின்தான் தோன்றியது.

அப்போதுதான் அவர்களையும் பார்த்தாள்,
பாலம் முடிகிற இடத்தில், சீருடையில் இருவர்.
எப்படி நடக்கிறோம் என்று யோசித்தால்
நடை மறந்துவிடும்.
வலது கால். வார். இடது கால்.
இளையவள் கை நீட்டி மறித்தாள்,
குனிந்தாள்.
எத்தனை வயது?
முப்பத்தெட்டு, என்றாள் லமாரா.
இருவரும் சிரித்தார்கள்.
ஆறு, என்றாள்.
ஃபிட்ஸ் மல்லாந்து
பழுப்பு மார்பைக் காட்டியது.
சோதனை முடிந்தது.

இரவு, தாளை நீட்டித்து வாங்கப்
படிவம் நிரப்புகிறாள்.
பதினோராம் கேள்வி:
நாட்டுக்கு வெளியே இருந்த காலம்.
நாள், மாதம், ஆண்டு.
பதின்மூன்று நிமிடத்துக்கு இடம் விடவில்லை.
இல்லாததை இருப்பதாகக் கொள்ளத் தெரிந்தவர்கள்
இருந்ததை இல்லாததாகவும் கொள்ளட்டும்,
என்று ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

கோடு கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
வெள்ளை மை தேடி எழுந்தாள்.
பல் வலித்தது.