ஒரு கட்டு

பிரஷர் கூடுதலாம்.
மாத்திரையை எழுதிவிட்டு
அம்பாசமுத்திரத்து டாக்டரம்மா சொன்னது:
தினமும் பத்து நிமிஷம் சும்மா இரு,
மூச்சை மட்டும் எண்ணு, ஒன்று முதல் பத்துவரை.

சும்மாவா.
முக்கூடலில் அப்படியொரு வேலையை
எனக்கு யாரும் தந்ததில்லை.

விடியுமுன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
மடியில் பீடித்தட்டு இல்லாதது
பிள்ளையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு
இறங்கினதுபோல் இருந்தது.

ஒன்று. இரண்டு.
ஏழில் ரேஷன் கார்டு வந்தது.
மறுபடி ஒன்று.
நாலில் முப்பிடாதிக்குத் தரவேண்டிய சீட்டுப்பணம்.
மறுபடி ஒன்று.
பரவாயில்லை,
இங்கே கழிவு தள்ள
கணக்கப்பிள்ளை யாரும் இல்லை.

ஒன்பதாம் நாளோ என்னவோ
எண்ணிக்கை பத்தைத் தாண்டியும் ஓடியது.
பதினெட்டு, இருபத்துமூன்று,
இருபத்தைந்தில் தானாக நின்றது.
கண்ணைத் திறந்தால்
விரல்கள் பாட்டுக்கு
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன.

சிரிப்பு வந்துவிட்டது.
முப்பது வருஷமாக அதுகளுக்குத் தெரிந்தது அதுதான்.
திட்டவில்லை.
இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தேன்,
தட்டு இருக்கிற இடத்தில்.

இன்றைக்கு மூணாவது மூச்சில்
ஆற்றுப் பக்கமிருந்து
ஏதோ ஒரு பறவை கத்தியது.
என்ன பறவையென்று தெரியாது.
அதை எந்தக் கட்டிலும்
சேர்க்கவில்லை.