பச்சை மூடி

இந்தப் பெட்டிக்குள் ஐஸ் வைக்கக் கூடாது.
குளிர்ந்தால் செல்கள் மயங்கும்,
வெயில் பட்டால் வெந்துபோகும்.
மடியில் வைத்து, மேலே துண்டு போட்டு
முக்கூடலில் பஸ் ஏறினேன்.
“மீனாம்மா?” என்றார் கண்டக்டர்.
“ரத்தம்ணே.”
பேட்டையில் இறங்கும்வரை
பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

மூன்று குழாய், பச்சை மூடி.
பேர் எழுதக் கூடாது, எண்தான்.
நாற்பத்தொன்று:
ஐம்பத்திரண்டு வயது, நாக்கின் இடது ஓரம் புண்,
பதினெட்டில் காசம், மாத்திரை தின்று தேறியது,
நாளொன்றுக்கு எண்ணூறு பீடி.
ஊசி இறங்கும்போது
அவளுடைய மறுகை விரல்கள்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.
“இத எடுத்தா எனக்குச் சொகமாயிருமா?”
“இல்லக்கா. படிக்கதுக்குத்தான்.”
“அப்பம் மூணோட நிறுத்திக்கிடு.”
படிவத்தில் ஆறு என்றிருந்தது.
நிறுத்திக்கொண்டேன்.

அபிஷேகப்பட்டியில், மாடியில், எங்கள் அறை.
கனத்த நீரின்மேல் இரத்தத்தைப் பைய விட்டு
சுழற்றி, பிரேக் போடாமல் தானாக நிற்க விட்டால்
நடுவே வெளுத்து ஒரு வளையம்,
ஆறின கஞ்சியின் ஏடுபோல.
“நம்ம பட்டாளம்” என்றான் செய்யது மசூது.
டாக்டர் ஹெப்சிபாவுக்கு அந்த வார்த்தை ஆகாது.
“சண்டைன்னு சொன்னா, செத்தவங்கள என்னன்னு சொல்லுவ?”
மசூது கையுறையைச் சரிசெய்துகொண்டான்.

புற்றின் பக்கத்திலேயே நிற்கிறது செல்.
அதற்கு ஆளைத் தெரியும், அங்க அடையாளம் தெரியும்.
கை மட்டும் ஓங்குவதில்லை.
வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து
இருக்கட்டும் என்றாகிவிட்டது.
இதற்குத் தமிழில் என்ன வைப்பதென்று
ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு.
மசூது களைப்பு என்று எழுதினான்.
கோமதி அதை அடித்துச் சலிப்பு என்றாள்.
நான் அசதி என்றேன்.
எண்ணூறாவது பீடிக்குப் பிறகு
முக்கூடலில் அதைத்தான் சொல்வார்கள்.

எக்ஸ்ரேயில், வலது நெஞ்சில்,
துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளை.
அதைச் சுற்றி முப்பத்துநாலு வருஷமாகக் காவல்.
கொல்லவும் இல்லை, வெளியே விடவும் இல்லை.
அந்தக் காவல்தான் இந்த அசதியில் வந்து முடிந்ததா?
இவ்வளவுதான் எங்கள் கேள்வி.
மூன்று வருஷத்துக்குப் பணம் வந்திருக்கிறது.

மூன்று குழாய்க்கு ஒரே ஒரு தட்டுதான் தேறியது.
நாக்கில் கிள்ளியெடுத்த துணுக்கின் செல்களும் அதில்.
மருந்து இரண்டு சொட்டு விட்டோம்.
அன்று ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
மசூது கேனோடு பேட்டை பங்குக்குப் பறந்தான்.
கோமதி இன்குபேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து
யாரும் திறக்காதபடி உட்கார்ந்தாள்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
அவள் முதுகிலும் அதேதான்.

மூன்றாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பில்
ஒரு செல் நகர்ந்தது.
ஒட்டியது. வெகுநேரம் அப்படியே.
பிறகு பக்கத்தில் இருந்தது உப்பி,
உலைக்குமிழியாய் உடைந்தது.
யாரும் பேசவில்லை.
“ஒரு தட்டுதானே. திரும்பச் செய்யணும்,” என்றார் டாக்டர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.
நோட்டில் எழுதினேன்: 41, நூற்றுக்குப் பதினொன்று.
அந்த ஊசி வெளியே என்ன விலை,
அதற்கு எத்தனை லட்சம் பீடி என்று
கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

மறுபடி முக்கூடல்.
தட்டில் கண்டதைச் சொல்ல விதியில் இடமில்லை.
“எம் ரத்தம் என்னளா பண்ணுது?”
“இருக்குக்கா. முழிச்சிருக்கு.”
அவ்வளவு சொன்னதே தப்பு.
சிரித்தாள், நாக்கு இடங்கொடுத்த மட்டும்.
கையை நீட்டினாள்.
“இப்பம் ஆறும் எடு.”
மறுகை மடியில் கிடந்தது.
ஒரு விரல்கூட அசையவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.