நூற்று மூன்று

கணக்கு மூடவில்லை.
போட்டது ஆறரை கிராம் வெள்ளீயம்,
எடுத்தது ஆறு கிராம் எழுநூறு மில்லி.
செறிவு, இடைநிலை, கழிவு, சகதி
நான்கு தட்டையும் உலர்த்தி மறுபடி நிறுத்தேன்.
நூற்று மூன்று சதவீதம்.

ஒருரோவில் ஜூன் மாதம்.
முற்றத்துக் குழாய் உறைந்து வெடித்திருந்தது.
"கல் குட்டி போட்டிருக்கிறது" என்றான் இலாரியோன்
உலர்த்தும் அடுப்பில் கையைக் காய்ச்சியபடி.

குறைவு எனக்குப் பழக்கம்.
குறைவுக்குப் பெயர்கள் உண்டு:
தூசி, தெறிப்பு, ஒட்டல், கைத்தவறு.
மிகுதிக்கு
எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

தராசைப் பார்த்தோம், பிழையில்லை.
அமிலம் புதுக் குப்பி.
மூன்றாம் நாள்
செறிவில் ஒரு சிட்டிகை எடுத்து
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
கம்பெனியின் புதுத் துளையிலிருந்து வந்த மாதிரி அது.
அதன் காசிட்டரைட் கரிக்கறுப்பு, கட்டை குட்டை.
நடுநடுவே ஏழெட்டு மணிகள் மட்டும்
அழையாத விருந்தாளிகளாய்,
தேன் நிறத்தில்,
விளிம்பில் நீலத் தூர்மலின் ஊசிகள் ஒட்டியிருக்க.

அந்த நீலத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

அரவைக் கலத்தின் ரப்பர் உறையை
இலாரியோன் திருப்புளியால் நெம்பினான்.
பிளந்த தையலுக்குள், பல்லிடுக்கில் சோறுபோல,
சாம்பல் நிறப் பசை.

கலம் கடைசியாய் ஓடியது போன ஜூலையில்.
அன்றைக்கே மோட்டார் எரிந்தது.
உதிரிபாகம் சாவோ பாவ்லோவிலிருந்து வர
பதினோரு மாதம்.
அந்தக் கடைசி மாதிரி
சான்டா வேரா மேட்டுப் பெண்களுடையது:
சுரங்கம் என்றைக்கோ கொட்டிய கழிவைச்
சுத்தியலால் உடைத்துப் பொறுக்குகிறவர்கள்.
ஆறு மூட்டை. லாரிக்கூலி அவர்கள் காசு.

கடன் கொடுக்க வங்கி கேட்டது
அறுபத்திரண்டு சதவீத மீட்பு.
எங்கள் துறையில் மீட்பு என்பது ஒரு வகுத்தல் கணக்கு.
வகுத்தேன்: அறுபது புள்ளி நான்கு.
கணக்கில் வராதது: மூன்று.
இலாபகரமானதல்ல என்று எழுதி
கீழே கையெழுத்துப் போட்டேன்,
நிதானமாக, அழகாகவே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், சரி.
நான் அளந்துதான் போட்டேன்.
ஆற்றில் போடவில்லை, அவ்வளவுதான்.
இயந்திரத்தின் ஈறில் விட்டிருக்கிறேன்.

இரவு முழுக்க வேறு கணக்கு.
சிக்கியதெல்லாம் மேசையேறி வந்திருந்தால்
அறுபத்து மூன்றைத் தாண்டியிருக்கும்.
பாதிதான் வந்திருக்குமென்றால்
அறுபத்தொன்று புள்ளி ஒன்பது.
இந்தப் புள்ளி ஒன்பதை
எந்தப் பக்கம் புரட்டினாலும்
அது புள்ளி ஒன்பதாகவே கிடந்தது.

காலையில் பிரிமிதீவா சோக்கெகாய்யோவை அழைத்தேன்.
பின்னால் சுத்தியல் சத்தம் நிற்காமல் கேட்டது.
"எவ்வளவு அகப்பட்டது?"
"இருநூறு மில்லிகிராம், அம்மா."
"என் சொத்தைப் பல்லை அடைக்கக்கூடப் போதாதே."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"உங்கள் காகிதத்தைப் பார்த்து
நாலு பேர் எல்லை தாண்டிப் போனார்கள்,
இக்கிக்கேயில் மீன் வெட்டுகிறார்கள்.
அவர்கள் எத்தனை மில்லிகிராம்?"

நான் பதில் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்த தராசு எதுவும் அதற்கு இல்லை.

"மேடு இங்கேதான் இருக்கிறது" என்றாள் கடைசியில்.
"இந்தத் தடவை லாரிக்கூலி யார்?"

திருத்த அறிக்கைக்குத் தனிப் படிவம் கிடையாது.
பழைய படிவத்தையே எடுத்து
குறிப்புகள் என்ற இடத்தில் எழுதத் தொடங்கி,
விளிம்பில் எழுதி,
பின்பக்கமும் எழுதினேன்.
கட்டணம் என்ற இடத்தில் என் பெயர்.

இப்போது கலத்தைக் கழுவுகிறோம்.
வெறும் குவார்ட்ஸ் மணலைப் போட்டு
அரைத்துக் கொட்டுகிறான் இலாரியோன்.
முதல் மணல் சாம்பல்.
இரண்டாவது வெளுத்துவிட்டது.
மூன்றாவதைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி
"சுத்தம்தானே?" என்கிறான், கோட்டை மாட்டிக்கொண்டே.

குனிந்து பார்க்கிறேன்.
இல்லை. ஓரமாய், ஒரே ஓர் ஊசி,
நீலம்.