எட்டு நொடி

ரியோ கொலராடோவில் மூன்றாம் நாளாக நாற்பது டிகிரி.
இதுரால்தேயின் கடையில் மின்விசிறி
வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறது.

காருக்கு ஒன்று வேண்டும் என்கிறேன்.
என்ன கார்?
ரெனோ பன்னிரண்டு. பின்புறம் நீண்டது.
அவர் காலண்டரைப் பார்க்கிறார்,
வண்டியின் வயதைக் கணக்குப் போடுகிறார் போல.
காஸா, பெட்ரோலா?
பெட்ரோல். அது தீர்ந்தால் என் வசவு.

மேசைமேல் மூன்றை நிறுத்துகிறார்,
பள்ளிக்கூடப் படத்தில்
உயரவரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

குட்டி, தலைமுடி ஸ்ப்ரே அளவு:
பிறந்தநாள் மெழுகுவத்திக்கு ஆகும் என்கிறார்.
கரியமில வாயு: சுத்தமான வேலை,
ஆனால் நம் ஊர்க் காற்று
அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.
பிறகு ஒரு கிலோ பொடி.
எண்ணெய், கம்பி, இருக்கைத் துணி, எல்லாம் இதற்குக் கட்டுப்படும்.
அடித்தபின் என்ஜினைக் கழுவிக் கழுவியே
மனுஷி மாள வேண்டும், அது வேறு.

எத்தனை நேரம் வரும்?
எட்டு நொடி.
எட்டு நொடிக்கா இத்தனை பெசோ?
இதுரால்தே சிரிக்கவில்லை.

நான் தேனீக்காரி.
யூகலிப்டஸ் சருகும் காய்ந்த சாணமும் புகையும் குடுவையை,
மூக்கைப் புல்லால் அடைத்து,
பெயிண்ட் டப்பாவுக்குள் இறக்கி,
தினம் வண்டியில் ஏற்றுகிறவள்.
கனலோடு எனக்குப் பழக்கம் உண்டு.
பயம் கனலிடம் இல்லை.

போன ஜனவரி, இருபத்திரண்டாம் நெடுஞ்சாலை.
முன்னால் போன பிக்கப்பின் மூக்கிலிருந்து
முதலில் ஒரு நூல் புகை.
ஓட்டியவன் இறங்கி ஓடியது பின்பக்கம்.
அணைப்பான் இருக்கிறது, இருக்கிறது என்று கத்தினான்.
இருந்தது, வெங்காய மூட்டைகளுக்கு அடியில்.
பெயர்கூடக் கேட்காமல் நானும் சேர்ந்து இழுத்தேன்.
ஒரு மூட்டை. இன்னொன்று. பதினொன்று.
கையில் கிடைத்தபோது முள் சிவப்பில் படுத்திருந்தது,
எத்தனை வருடத் தூக்கமோ.

சாலையோரம் உட்கார்ந்தோம்.
எடுக்காமல் விட்ட வெங்காயம் வதங்கும் வாசனை
சமவெளி முழுக்கப் பரவியது.
அவன் அழுதுகொண்டிருந்தான்.
எனக்குப் பசித்தது.
இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனவே பொடி. ஒரு கிலோ.
கைப்பிடி பிளாஸ்டிக்கா, உலோகமா என்று நகத்தால் தட்டுகிறேன்.
முள் பச்சையில் நிற்கிறதா என்று
வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.
உள்ளே பார்த்தாலும் பச்சைதான் நேலிதா, என்கிறார்.
பணம் எண்ணும்போது ஒன்று சொல்கிறார்:
பானெட்டை அகலத் திறந்துவிடாதே,
விரல் நுழையும் இடுக்கு போதும்.
திறந்தால் அதற்கு நீயே மூச்சு கொடுக்கிறாய்.

வீட்டில், பக்கத்து ஒடிலியாவிடம் ட்ரில் கடன் வாங்கி,
என் கெண்டைக்கால் உரசும் இடத்தில் புள்ளி வைத்தேன்.
பின்னால் வைப்பதாக இல்லை. வெங்காயம் போதும்.
முதல் துளையிலேயே ட்ரில்
தடையே இல்லாமல் இறங்கியது,
பழுத்த பூசணியில் இறங்குவதுபோல.
துருவின் நடுவே வட்டமாக வெளிச்சம்.
அடியில் என் முற்றத்துச் சரளை, ஓர் எறும்பு.
இருபது வருடமாக நான் கால் ஊன்றியிருந்தது
வெறும் பெயிண்டின் மேல்.

தேன் டிரம்மின் மூடியை வெட்டி ஒட்டுப்போட்டு
அதன்மேல் மாட்டினேன்.
காரில் இப்போது உறுதியான இடம் அது ஒன்றுதான்.

மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகக் குலுக்குகிறேன்,
பொடி கட்டிதட்டக் கூடாதென்று.
உள்ளே ஏதோ சோம்பலாகப் புரண்டு படுக்கிறது.

பின்னால் டப்பாவில் கனல்.
முன்னால் இது, காலில் குளிர்ந்து இடித்தபடி.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
நேர்ச்சாலையில் சில சமயம் எண்ணிப் பார்க்கிறேன்.
மூன்றில் ஒரு வேலிக்கம்பம்.
ஐந்தில் எதிரே வந்த லாரி கடந்துவிட்டது.
எட்டு வந்த பிறகும்
வழிதவறி ஏறிய தேனீ ஒன்று
முன்கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கிறது.
ஜன்னலை இறக்குகிறேன்.